கென்னத்தின் வசனம்

டிசம்பரில் மார்லிஸ் இறந்தபோது நிலம் கல்லாக இறுகியிருந்தது. வட டகோட்டாவில் எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் இறந்தவர்களுக்கு மே மாதம்தான் குழி வெட்டுவார்கள். அதுவரை கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் உள்ள சின்னக் கல் கட்டடத்தில் பெட்டி காத்திருக்கும். அவள் கணவர் ஆர்விட் ஸ்லெட்டன், பாஸ்டர் கேரினிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மண் இளகினதும் இறக்குவோம், மூடுவோம். எழுந்து வருவா, திரும்பப் பாக்கலாம்னு யாரும் அங்க பேச வேண்டாம். நம்பாத ஒண்ணக் கேட்டுக்கிட்டு நிக்க என்னால முடியாது."

கேரின் அவர் மகளைவிட இளையவள். வாதாடவில்லை. "மே வரைக்கும் நாள் இருக்கு" என்றாள்.

புதன்கிழமை பைபிள் வகுப்புக்கு ஆர்விட் வந்தது ஆர்டிஸ் குவாமே என்ற பக்கத்துப் பண்ணைக்காரியால். பார்வை மங்கியதில் அவளுடைய ஓட்டுநர் உரிமம் போய்விட்டது. அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை அவர் தேவாலயத்துக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பார். ஜனவரியில் ஒரு மதியம் அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"நீ இங்கயே விறைச்சுச் செத்தா உன்னையும் மே வரைக்கும் அந்தக் கட்டடத்துலதான் வைக்கணும். அங்க இடம் இல்ல. உள்ள வா."

தேவாலயத்தின் கீழே உள்ள அடித்தள அறையில் நீள மேசை, காபி, எலுமிச்சை கேக் துண்டுகள். சுவரோரம் ஓடும் சூடான குழாய்கள் தூக்கத்தில் பேசுவதுபோல முணுமுணுத்தன. உயரத்தில் இருந்த சன்னல்களைப் பனி பாதி மூடியிருந்ததால், தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஒரு நீல வெளிச்சம்.

மேசையைச் சுற்றி ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்பார்கள். பிறகு கேரின் விளக்குவாள். ஆர்டிஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் முறைக்கு எது வரும் என்று எல்லோரும் ரகசியமாக எண்ணிப் பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். ஆர்விட் எண்ணுவதற்குக் காரணம் வேறு. வரப்போகும் வசனம் தொண்டையில் சிக்கும் என்று தெரிந்தால், சரியாக அந்த நேரத்தில் காபி ஊற்ற எழுந்துவிடுவார்.

ஆனாலும் கேட்கக் கேட்க ஏதோ நடந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் தாகமாக உட்கார்ந்த, கூட்டத்துக்கு அப்பம் பிட்டுக் கொடுத்த ஆண்டவரைப் பற்றி வாரம் ஒரு அதிகாரமாகக் கேரின் சொன்னாள். களையெடுக்கிறவளைப்போல மெதுவாகச் சொல்வாள், எதையும் வற்புறுத்த மாட்டாள். வீடு திரும்பிய பிறகும், அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும்போதும், அந்த மனிதர் பக்கத்து அறையில் இருப்பதுபோல ஆர்விட்டுக்குத் தோன்றியது. கதவைத் திறந்து பார்க்க மட்டும் பயமாக இருந்தது.

பிப்ரவரி கடைசியில், கல்லறையிலிருந்து உயிரோடு எழுப்பப்பட்ட லாசருவின் கதை வந்தது.

"நாலு நாளாச்சாம்" என்றார் ஆர்விட். "என் ஆளு ரெண்டு மாசமாப் படுத்திருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. ஆர்டிஸ் மட்டும் அவர் முழங்கையில் கை வைத்தாள்.

அவர் எண்ணிப் பார்த்தார். லாசருவின் சகோதரி மார்த்தாள் தன் தங்கையைக் கூப்பிடப் போகிறாள் என்ற இடம் தன்னுடையது. ஆபத்தில்லை. அதில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். குரல்கள் பனியில் நடக்கும் காலடிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவருக்குள் லாசருவின் ஊரான பெத்தானியா எங்கள் ஊர்ச் சாலையாகவே விரிந்தது. இருபுறமும் வெள்ளை வயல். வீட்டிலிருந்து ஒருத்தி ரப்பர் பூட்ஸோடு, கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடாமல் யாரையோ எதிர்கொள்ள ஓடுகிறாள். மார்லிஸ் அப்படித்தான் ஓடுவாள்.

இதற்கிடையே எதிரே இருந்த பெர்க் தம்பதிக்கு ஃபோன் வந்தது. கன்று பாதி வெளியே வந்துவிட்டதாம். இருவரும் கோட்டை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஆர்விட் கவனிக்கவில்லை.

"உங்க முறை" என்றாள் கேரின். "இருபத்தாறு."

விரல் இருந்தது இருபத்தெட்டில். இரண்டு பேர் குறைந்ததில் முறை இரண்டு வசனம் முன்னால் வந்துவிட்டது. எழுந்து போக நேரமில்லை. வாசித்தார். தன்னை நம்புகிறவன் ஒருக்காலும் சாகமாட்டான் என்று ஆண்டவர் மார்த்தாளிடம் சொல்கிறார். அத்தோடு முடியவில்லை. இதை நீ நம்புகிறாயா என்று கேட்கிறார்.

தன் குரலிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஆர்விட் நிறுத்தினார்.

மார்த்தாளின் பதில் அடுத்த வசனம். அது பக்கத்தில் இருந்த கென்னத்துக்கு. கென்னத் நெஞ்சில் தாடை படிய நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

யாரும் அவரை எழுப்பவில்லை. நடுச்சாலையில் அந்தப் பெண் மூச்சிரைக்க நிற்பதையும், எதிரே ஆண்டவர் பதிலுக்குக் காத்திருப்பதையும் ஆர்விட் பார்த்தார். அவசரமே இல்லாமல் காத்திருந்தார் அவர். இப்படி ஒருவரை நிறுத்தி வைப்பது மரியாதையாகப் படவில்லை.

"ஆமா ஆண்டவரே" என்று ஆர்விட் வாசித்தார். இரண்டாவது சொல்லில் எழுத்துகள் கலங்கின. மீதியைப் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டியிருந்தது. "நம்புறேன்."

கென்னத்தைத் தாண்டி, அடுத்த வசனத்தை வாசிக்கும்படி கேரின் அடுத்தவருக்குத் தலையசைத்தாள்.

திரும்பும் வழியில் பனி சாலைக்குக் குறுக்கே புகைபோல ஓடியது.

"அது கென்னத் வசனம்" என்றாள் ஆர்டிஸ்.

"தெரியும்."

"தேவாலயத்துக்குள்ளயே திருடுற ஆளு நீ."

"திருப்பிக் குடுக்குற மாதிரி இல்ல ஆர்டிஸ்."

அவள் வீட்டு வளைவு வந்தது. அவர் அதில் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போய், வண்டியை மெல்லத் திருப்பி ஊர்ப் பக்கம் ஓட்டினார்.

கேரின் அடித்தளத்தில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆர்விட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"பாஸ்டர், மே மாசம் குழிகிட்ட நீங்க பேசணும்."

"என்ன பேசட்டும்?"

"அவ எழுந்து வருவான்னு" என்றார். "சத்தமாச் சொல்லுங்க. நான் முன்னாலதான் நிப்பேன்."