தேநீருக்குப் பிறகு கேட்கும் கேள்வி

கஜகஸ்தானின் அல்மாத்தி நகரத்தில் நடக்கும் கருத்தரங்குக்குப் பெரிசாத் போவதாக இருந்தது. நான் இல்லை.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில், எஜே, அதாவது அக்கா, என்று நாங்கள் கூப்பிடும் பேராசிரியர் தாமாராவின் ஆய்வில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். மலை மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கும் மாணவர்களும் நகரத்து மாணவர்களும் ஒரே அளவு நலமாக இருக்கிறார்களா என்பது கேள்வி. பெரிசாத் கேள்வித்தாள் தயாரித்தாள். நான் அறை அறையாகக் கொடுத்து வாங்கினேன். மலைப் பிள்ளைகளே அதிக நலம் என்று முடிவு வந்தது.

“அப்போ விடுதிக்கு மனநல ஆலோசகர் வேண்டாம்னு சொல்லிடுவாங்க” என்றார் எஜே. ஆனாலும் பெரிசாத்தைத் தட்டிக்கொடுத்தார்.

நகரத்துப் பெண் பெரிசாத் பேசும் ரஷ்ய மொழி வழுக்கிக்கொண்டு போகும். என்னுடையது நொண்டும். அவள் பூட்ஸில் சேறுகூட ஒட்டாது.

எனக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியாது. எங்கள் மலை மாவட்டமான நாரின் பக்கம், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் ‘ஜக்ஷி’, நல்லா இருக்கேன், என்போம். வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் முதல் பதில் அதுதான். தேநீர் ஊற்றி மறுபடி கேட்டால்தான் உண்மை வரும். தாள் மறுபடி கேட்காது.

கருத்தரங்கு உரையின் ஒத்திகை நாள்வரை அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று எல்லார் முன்னாலும் எழுந்து சொன்னேன்.

பெரிசாத் முகம் சிவந்தது.

“நீயும் விடுதிதானே, சைக்கால். நீ என்ன போட்ட?”

“ஜக்ஷி.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எஜே, கட்டுரை தப்பு. நான் போகல. திரும்பக் கேட்டு எழுதுவோம். அடுத்த கருத்தரங்குக்கு இவ போகட்டும். கேக்கத் தெரிஞ்சவ இவதான்.”

எஜே சம்மதித்தார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இருந்தும் வயிறு எரிந்தது. விட்டுக்கொடுக்கக்கூட அவளிடம் ஏதோ இருக்கிறது.

மாலையில் ஆய்வறைக்கு வந்தாள்.

“ஏண்டி முன்னாடியே சொல்லல? நல்லாத்தானே இருக்க?”

“ஜக்ஷி.”

அவள் போகவில்லை. கோட்டைக் கழற்றினாள். விருந்தினரை இருக்கச் சொல்லும் எங்கள் வழக்கப்படி கிண்ணத்தில் பாதியளவு தேநீர் ஊற்றி என் பக்கம் தள்ளினாள்.

“இப்ப சொல்லு. எப்படி இருக்க?”

தேநீர் சுட்டது.

“உன்னப் பாத்தா எரியுது” என்றேன். “வந்த நாள்லேருந்தே.”

அவள் ஒரு கேள்வித்தாளை இழுத்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

“இதையும் ஆய்வுல சேத்துக்கலாமா?”