குளோரின் நிற்காத தண்ணீர்

குப்பியில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டார் துசோ ரன்டாவ். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை. குலுக்கிப் பார்த்தார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குளத்தின் லேசான பச்சையைத் தவிர வேறு நிறம் ஏறவில்லை. நேற்று மாலைதான் ஒரு டப்பா குளோரின் தூளைக் கொட்டியிருந்தார். முந்தின வாரம் கொட்டியதும் இப்படித்தான் போன இடம் தெரியாமல் போனது.

அந்த நீச்சல் குளம் அவருடைய மனைவி கெயிட்டுமெட்சேயின் பொறுப்பில் இருந்தது. ரஸ்டன்பர்க்கில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து வலை போட்டு இலை அள்ளுவது, மருந்து போடுவது எல்லாம் அவள்தான். பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்த துசோவுக்குக் குளம் என்பது சன்னலுக்கு வெளியே தெரிகிற ஒரு நீலம், அவ்வளவுதான். ஜூன் மாதக் குளிரில் அவள் இறந்துபோனாள். இப்போது வசந்தம் வந்துவிட்டது, குளம் பச்சையாகக் கிடந்தது.

பாதிரியார் செலேகா அம்மா போன் செய்திருக்காவிட்டால் அது அப்படியேதான் கிடந்திருக்கும். அவர்களுடைய சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில்தான் கூடுவார்கள். ஞானஸ்நானம் மட்டும் வருடா வருடம் கெயிட்டுமெட்சேயின் குளத்தில் நடக்கும்.

"இந்த வருஷமும் அங்கேயே வச்சுக்கலாமா ஐயா? உங்களுக்குச் சிரமம்னா சொல்லிருங்க, வேற இடம் பாத்துக்கறோம்."

"சரி."

"எது சரி? வச்சுக்கறதா, வேற இடமா?"

"வச்சுக்கங்க."

மனைவி போனதிலிருந்து யார் எது கேட்டாலும் சரி என்பதுதான் அவருக்கு வந்தது. துணிகளை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார்கள், சரி. கல்லறைக்கு இந்தக் கல் போதுமா, சரி. துக்கமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரால் எதுவும் சொல்லியிருக்க முடியாது. உள்ளே போய்த் தேடினால் எதுவும் கைக்கு அகப்படவில்லை.

குளத்தோரத்தில் அவர் குப்பியோடு நின்றிருந்தபோது மைத்துனி கவோனே பின்வாசல் வழியாக வந்தாள். கெயிட்டுமெட்சேயின் தங்கை, வாரம் தவறாமல் பாத்திரத்தில் எதையாவது சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள். அவரை அண்ணன் முறையில் அபூட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

"அபூட்டி, சட்டையில துக்கத் துணியைக் குத்திக்கிட்டு ஞானஸ்நானத் தண்ணிய யாராவது தொடுவாங்களா? ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

"பாதிரியாரம்மா ஒண்ணும் சொல்லலையே."

"அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குக் குளம் வேணும்." பாத்திரத்தைப் படியில் வைத்தாள். பச்சைத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அக்கா இருந்தப்போ அடியில விழுந்த ஊசி தெரியும். நாலே மாசத்துல இப்படி ஆக்கி வச்சிருக்கீங்க. அவ குழிக்குப் பக்கத்துல நின்னு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீங்க. இப்போ தண்ணிக்குச் சொட்டு விட்டுப் பாத்துட்டிருக்கீங்க."

சுருக்கென்று தைக்க வேண்டிய பேச்சு என்று அவருக்குத் தெரிந்தது. தைக்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். பிறகு குப்பியைக் கழுவி வைத்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஹென்னி வான் டொண்டர் தலையை நீட்டினார். சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்றவர், நாளெல்லாம் தோட்டத்தில் நிற்கிற ஆள்.

"என்ன பக்கத்து வீடு, தவளை வளக்கறீங்களா?"

"உங்க மரத்து இலையிலதான் தவளை வாழுது," என்றாள் கவோனே. ஹென்னியின் பீக்கன் மரம் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"கிளைய வெட்டறேன்னு போன வருஷமே சொன்னேன். உங்கக்காதான் நிழல் வேணும்னாங்க." அவர் துசோவைப் பார்த்தார். "குளோரின் நிக்கலையா? டப்பா பழசா?"

"மொதல்ல போட்டது பழசு. மூடி சரியா மூடாம சக்தி போயிருக்கும்னு நெனச்சேன். நேத்துப் போட்டது புதுசு."

"அப்போ வெயில் தின்னுதா, தண்ணி தின்னுதான்னு பாக்கணும். ரெண்டு வாளில இந்தத் தண்ணிய மொண்டு, ரெண்டுலயும் சமமா குளோரின் போடுங்க. ஒண்ண வெயில்ல வைங்க, ஒண்ண மூடிக் கொட்டகைக்குள்ள வைங்க. வெயில்ல வச்சது மட்டும் போச்சுன்னா வெயில்தான் திருடன். மூடி வச்சதும் போச்சுன்னா தண்ணிக்குள்ளயே எதுவோ இருக்கு."

துசோ அப்படியே செய்தார். செய்வதற்கு ஒரு வேலை இருப்பது நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் வாளிகளைச் சோதித்தார். வெயிலில் இருந்ததில் நிறம் வரவில்லை. மூடியிருந்ததிலும் வரவில்லை.

மறுநாள் கவோனேயே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நீச்சல் குள மருந்து விற்கும் கடைக்குப் போனாள். திட்டிக்கொண்டேதான் ஓட்டினாள். கண்ணாடிச் சீசாவில் குளத்துத் தண்ணீர் அவர் மடியில் இருந்தது. கடையில் இருந்த பெண் அதை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மோனியா நிறைய இருக்கு. குளிர்காலத்துல பம்ப் ஓடலையா சார்?"

"இல்ல."

"ரொம்ப நாளா?"

"மே கடைசில நிறுத்தினேன்."

"மருந்தும் போடல?"

"போடல."

"அதான். வெயில்ல குளோரின் போயிடாம இருக்க ஒரு பொருள் கலந்திருப்பாங்க. சும்மா கெடந்த தண்ணில கிருமி அதைத் தின்னு அம்மோனியாவா மாத்திருச்சு. இப்போ நீங்க போடற குளோரின் எல்லாம் அதோட மல்லுக்கட்டவே சரியாப் போயிடுது." அவள் சாதாரணமாகக் கேட்டாள், "பம்ப் ரிப்பேரா?"

"நல்லாத்தான் இருந்தது," என்றார் துசோ. "என் மனைவிக்கு உடம்பு முடியல. படுக்கையறை சன்னலுக்குக் கீழதான் பம்ப். கடைசியில அந்தச் சத்தம் தலைக்குள்ள ஓடற மாதிரி இருக்குன்னா. தூக்கமே இல்ல. நிறுத்துங்கன்னு கேட்டா, நிறுத்தினேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினா. அப்புறம் அவ இருந்தவரைக்கும் போடல. போனப்புறம் போடத் தோணல."

ஒரு பேருந்து எந்தத் தடத்தில் போகும் என்று சொல்கிற குரலில்தான் இதையும் சொன்னார். அந்தப் பெண் சீசாவை மூடினாள். கவோனே மருந்து டப்பாக்கள் அடுக்கியிருந்த பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

"இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டார் அவர்.

"அடியில மக்கிக் கெடக்கறது எல்லாத்தையும் எடுக்கணும். சாயங்காலம் வெயில் எறங்கினதும் குளோரின் போடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்க, போயிருந்தா மறுபடி போடுங்க. அம்மோனியா தீர்ற வரைக்கும் விடக்கூடாது. தீர்ந்ததும் நிறம் தானா நிக்கும். அதுக்கப்புறம் வெயில் காப்புப் பொருளைக் கொஞ்சம் கலந்துக்கலாம்."

திரும்பும்போது கவோனே திட்டவில்லை. கடைத்தெருவைத் தாண்டியபிறகு, சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்கிட்ட சொல்லிருக்கலாமே அபூட்டி."

"எதை?"

"பம்ப்பை. நீங்க கண்டுக்காம விட்டுட்டீங்கன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"நீ கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

அவர் யோசித்தார். "சொல்ல என்ன இருக்கு? அவ நிறுத்தச் சொன்னா, நான் நிறுத்தினேன்."

கவோனே வீட்டுக்குப் போகவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நீளக் கம்பில் கட்டிய வலையை எடுத்தாள். இருவருமாக அடியிலிருந்து அள்ளினார்கள். கறுப்புக் கூழாக வந்தது, அழுகின முட்டை நாற்றம். அள்ளி அள்ளிச் சுவரோரம் குவித்தார்கள். ஹென்னி தள்ளுவண்டி கொண்டுவந்து, என் மரம்தானே என்று முனகியபடி அள்ளிக்கொண்டு போனார். பம்ப்பை ஓடவிட்டு வடிகட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள்.

அன்று மாலை துசோ குளோரினைக் கரைத்து ஓரமாகச் சுற்றி ஊற்றினார். பார்த்தார், இல்லை. மறுபடி ஊற்றினார். அடுத்த மாலையும் அதே கதைதான். தண்ணீர் பச்சையிலிருந்து கலங்கிய வெள்ளையானது, ஆனால் குப்பியில் நிறம் வந்த வேகத்தில் போனது. ஞானஸ்நானம் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதிரியாரம்மா போன் செய்து, ஆற்றுக்குப் போய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க," என்றார் துசோ. சரி என்று சொல்லாதது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குப்பி மஞ்சளாக இருந்தது, எலுமிச்சைத் தோல் மாதிரி நல்ல மஞ்சள். சுவருக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஹென்னி தொப்பியைக் கழற்றி ஆட்டினார். துசோவுக்கு மகிழ்ச்சி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கணக்கு நேரானது மாதிரி இருந்தது. சனிக்கிழமையும் நிறம் நின்றது, அடியில் சிமெண்டு விரிசல்கூடத் தெரிந்தது.

ஞாயிறு காலை சபை வந்து இறங்கியது. வெள்ளை அங்கியில் செலேகா அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக முக்கி எடுத்தார். எழுந்தவர்கள் குளிரில் பல் கிட்டிக்கச் சிரித்தார்கள், பெண்கள் பாடினார்கள். துசோ துண்டுகளைக் கையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஏறி வருகிறவர்களுக்குக் கொடுத்தார். கடைசி ஜெபத்தில் பாதிரியாரம்மா கெயிட்டுமெட்சேயின் பெயரைச் சொன்னபோது கவோனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துசோ அழவில்லை. ஒரு துண்டை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி முகம் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்திலேயே நின்றாள்.

எல்லாரும் போனபிறகு இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சோளக் களியும் கீரையும் குடல் குழம்பும். துசோ இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"உப்பு தூக்கலா இருக்கு."

கவோனே அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எப்பவும் போடற உப்புதான். இத்தனை மாசமா இதத்தான் சாப்பிட்டுட்டிருக்கீங்க."

"அப்படியா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"தெரியல," என்றார் அவர். கொஞ்சம் தண்ணீர் குடித்தார், மறுபடி தட்டை அருகே இழுத்துக்கொண்டார். "அடுத்த தடவை கொறச்சுப் போடு."

"சரி," என்றாள் கவோனே.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களை அவள் கழுவ, அவர் துடைத்து வைத்தார். அத்தனை பேர் இறங்கின தண்ணீர் என்பதால் பொழுது சாயும் முன் ஒரு தடவை சோதித்தார். நிறம் வெளிறியிருந்தது, போய்விடவில்லை. ஒரு குவளை தூளை வாளியில் கரைத்துக்கொண்டு ஆழமான பக்கத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார்.