இரும்புக்கல்லுக்கு முன்னால்

மகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே கூப்பிட்டபோதே அவள் தட்டிக்கழிக்கச் சாக்குத் தேடினாள். வீட்டுக்குள் என்றால் எதையும் சமாளித்துவிடலாம். புருஷன் உப்புக்குப் பதில் சோப்புத்தூளைப் போட்டால், கொட்டிவிட்டு வேறு சமைக்கலாம். குளியலறை என்று நினைத்து அலமாரியைத் திறந்துகொண்டு நின்றால், தோளைப் பிடித்துத் திருப்பி விடலாம். ஒரு வருஷத்துக்கும் மேலாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். மகனிடம்கூட மூச்சு விடவில்லை.

புருஷனைத் தெருவில் எல்லாரும் வெல்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். காலமெல்லாம் பட்டறையில் பழுத்த இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன். பார்வைக்கு இன்னும் கல்லு மாதிரி இருந்தார். சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரித்துவிடுவார். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வந்து போகிற மகனுக்கு அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

மகன் கூட்டிப்போன இடம் ஒரு விதமான ஓட்டல். நீளமான மேடையில் கோழித் துண்டு, மீன், இறால், கோஸ், குடைமிளகாய், நூடுல்ஸ் எல்லாம் பச்சையாக வைத்திருப்பார்கள். வேண்டியதைக் கிண்ணத்தில் அள்ளி, சாஸையும் ஊற்றி, கடைசியில் நிற்கிற ஆளிடம் நீட்ட வேண்டும். அவர் முன்னால் வண்டிச்சக்கரம் அளவுக்கு வட்டமான ஒரு இரும்புக்கல். நீளக் குச்சி இரண்டைக் கையில் பிடித்து, கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து வதக்கித் தருவார்.

"காசும் குடுத்துட்டு வேலையையும் நாமளே பாக்கணுமாடா?" என்றார் வெல்டர். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்றைக்கு நல்ல நாள்தான் போலிருக்கிறது.

உட்கார்ந்ததும் மருமகள் விஷயத்தைச் சொன்னாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். குழந்தை பிறந்ததிலிருந்து விடுப்பில் இருந்தவள், அடுத்த மாசம் திரும்ப வேலைக்குப் போகிறாள்.

"பகல்ல பாப்பா உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை. யார்கிட்டயோ விடறதுக்கு மனசே வரலை. நீங்களும் மாமாவும் இருக்கிற தைரியத்துலதான் வேலைக்கே ஒத்துக்கிட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் மடியில் இருந்த பேத்தி, இரண்டு வயசு கூட நிரம்பாதவள், பாட்டியின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துக் கிளுகிளுவென்று சிரித்தாள். தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை இந்தச் சிரிப்பு வீட்டில் கேட்கும் என்று நினைத்ததும், வந்த வார்த்தை வந்த வழியே போய்விட்டது.

"எங்களுக்கு வேற என்ன வேலை? தாராளமா விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

நான் என்றுதான் சொன்னாள். மருமகள் அதைக் கவனிக்கவில்லை.

கிண்ணம் நிரப்ப எல்லாரும் எழுந்தார்கள். வெல்டர் மகனுக்குப் பின்னால் போனார். அவள் கோஸை அள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். வரிசையில் மகன் மட்டும் நின்றான். வெல்டர் மேசைக்குத் திரும்பி, கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பச்சைக் கோழி. வெளிறிய துண்டு ஒன்று உதட்டோரம் தொங்க, சாஸ் தாடையில் வழிய, நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

அவள் ஓடினாள். "துப்புங்க. துப்புங்கன்னு சொல்றேன்!" காகிதக் கைக்குட்டையை வாயடியில் பிடித்தாள். அவர் சொன்ன பேச்சு கேட்டுத் துப்பினார்.

"நல்லாவே இல்ல. ரப்பர் மாதிரி இருக்கு," என்றார்.

தாடையைத் துடைத்து, வாய் கொப்பளிக்க வைத்து, கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்வதற்குள் மருமகள் குழந்தையோடு வந்துவிட்டாள்.

"என்னாச்சு அத்தை?"

"சாஸைக் கொட்டிக்கிட்டார். சின்னக் குழந்தைய விட மோசம்."

பொய் எவ்வளவு லகுவாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம். பழக்கம்தானே. அவர் கிண்ணத்தைத் தானே எடுத்துப்போய், வதக்கி வாங்கி வந்து வைத்தாள். அவர் ரசித்துச் சாப்பிட்டார். பட்டறைக் கதை ஒன்றைச் சொல்லி மகனைச் சிரிக்க வைத்தார். பழைய கதை என்றால் ஒரு எழுத்துகூடப் பிசகாது.

பாதிச் சாப்பாட்டில் குழந்தை சிணுங்க ஆரம்பித்தாள். வெல்டர் கையை நீட்டினார்.

"வாடி என் பொட்டலம். தாத்தா உனக்கு அந்தக் கல்லுகிட்டப் புகை காட்டறேன்."

மருமகள் குழந்தையைத் தூக்கியவள், கொடுக்கும் முன் ஒரு கணம் மாமியாரைப் பார்த்தாள். கொடுக்கலாமா என்று கேட்கிற பார்வை. ஒருவேளை அவளுக்கும் ஏதோ தட்டியிருக்கலாம். மாமியார் கொடு என்று தலையை அசைத்தாள். பத்தடி தூரம்தானே, இங்கிருந்தே ஒரு கண் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து மகன் தன் தட்டில் இருந்த இறாலை எடுத்து அவள் தட்டில் வைத்து, "சாப்பிடும்மா, நீ எங்க சாப்பிட்ட?" என்றான். அவள் குனிந்தாள்.

கல்லைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு இருந்தது. கிண்ணம் கை மாறுகிற இடத்தில் மட்டும் ஒரு திறப்பு. வெல்டர் குழந்தையை அந்த விளிம்பில் உட்கார வைத்தார். எண்ணெய் தேய்ந்து மினுமினுத்த இரும்பைப் பார்த்ததும் அவர் எங்கே போய்விட்டாரோ, யாருக்குத் தெரியும். பட்டறையில் அரத்தால் ராவி முடித்த தகட்டைத் தடவிப் பார்ப்பது அவர் பழக்கம். "பாரு, எவ்ளோ வழவழன்னு இருக்கு" என்று அவர் சொன்னது கல்லுக்காரர் காதில் விழுந்திருக்கிறது. மறுகோடியில் நின்றவர் குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள், வெல்டர் பேத்தியின் கையைத் தன் கைக்குள் வைத்துக் கல்லின் மேல் அழுத்திவிட்டார்.

அந்த அலறலுக்குப் பிறகு நடந்தது எதுவும் அவளுக்குக் கோவையாக நினைவில்லை. கல்லுக்காரர் குழந்தையைப் பறித்துத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்திருந்தார். மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெல்டர் தன் விரல்களைப் பார்த்தபடி நின்றார். "யாரு இந்தக் குழந்தைய அழ விட்டது?" என்று கோபமாகக் கேட்டார்.

மகன் கண்மண் தெரியாமல் கல்லுக்காரர் மேல் பாய்ந்தான்.

"கண்ண எங்க வச்சிருந்த? குழந்தை வந்து உட்காருது, பாத்துக்கிட்டு நிக்கற? எங்கப்பாவுக்குக் கை வழுக்கியிருக்கு, தாங்கிப் பிடிக்க ஒரு கம்பி உண்டா இங்க?"

"வழுக்கலைங்க. அவரே பிடிச்சு வச்சாருங்க," என்றார் கல்லுக்காரர்.

"பொய் சொல்லாதே!"

மேனேஜர் ஓடி வந்து, கல்லுக்காரரிடம் ஏப்ரனைக் கழற்றிவிட்டு வெளியே போய் நிற்கும்படி சொன்னார். கல்லுக்காரர் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் பார்வை அவள் மேல் வந்து நின்றது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மருமகளும் குழந்தையும் உள்ளே போனார்கள். வெல்டருக்குக் கட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மகன் நடைபாதையில் உலாத்தியபடி போனில் வக்கீல் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தான். அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன், உள்ளே தள்ளாமல் ஓயமாட்டேன் என்றான். அவள் எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தாள்.

"போனை வைடா."

"இரும்மா."

"வை. அந்த ஆள் மேல தப்பில்ல. அப்பா வழுக்கலை. அவருக்குப் புத்தி தடுமாறுது. ரொம்ப நாளாவே."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சோப்புத்தூள், அலமாரி, வீட்டுக்கு வழி தெரியாமல் பக்கத்துத் தெருவில் நின்றது, சற்று முன் பச்சைக்கறியைத் தின்றது.

"உனக்குத் தெரியும்," என்றான் அவன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் பாப்பாவை விட்டுட்டுப் போகச் சொன்ன."

"நான் கூடவே இருப்பேனே, பாத்துக்கலாம்னு... சொன்னா நீங்க அவளைக் கொண்டுவரவே மாட்டீங்கன்னு பயந்துட்டேன்டா."

அவன் திட்டியிருந்தால் தேவலை. அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு, நண்பனிடம் "அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனை அணைத்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மகன் மறுநாளே ஓட்டலுக்குப் போனான். கல்லுக்காரர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

குழந்தைக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தைத்தார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் முழுசாக நீளாது என்று டாக்டர் சொன்னதை மகன்தான் வந்து சொன்னான். அவன் வருவதை நிறுத்தவில்லை. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனான், மாத்திரை வாங்கிப் போட்டான். அம்மாவிடம் மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டான். மருமகள் வரவில்லை. வேலைக்கும் திரும்பவில்லை.

வெல்டருக்குத் தன் கைக் கட்டு பெரிய புதிர். "இது எப்படி ஆச்சு?" என்று கேட்பார். ஒரு தடவை அவள் மனசு பொறுக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்க்க முடியவில்லை. சாயங்காலம் மறுபடியும் கேட்டார். "பட்டறையில சுட்டுக்கிட்டீங்க," என்றாள். "அடடா, கவனமா இருக்கணும்," என்றார். அதன்பிறகு அவள் உண்மையைச் சொல்லவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன், அப்பா ஓயாமல் பேத்தியைக் கேட்கிறாரே என்று, மனைவிக்கு வீடியோவில் போன் போட்டு அவர் கையில் கொடுத்தான். திரையில் மருமகளின் தோள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. குழந்தை தாத்தாவைப் பார்த்ததும் துணி சுற்றிய கையைத் தூக்கி ஆட்டினாள்.

வெல்டரின் முகம் மலர்ந்துவிட்டது. தன் கட்டுப் போட்ட கையைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டினார்.

"பாரு, பாரு! என் பொட்டலத்துக்கும் எனக்கும் ஒரே மாதிரி கட்டு!"

திரை இருண்டது. மகன் போனை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடினான். அவள் வாசல்வரை போனாள். அவன் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான். உள்ளே அவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.