சிராப் போத்தலில் கியர் எண்ணெய்

ஆகஸ்ட் 9, சனி. இன்று ஒரு சிறு பிழை செய்தேன். அத்தாவின் காரிலிருந்து எடுத்த கியர் எண்ணெயை ரோஸ் சிராப் போத்தல்களில் பிடித்து வைத்தேன். லேபிளை உரிக்கவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு ஷிரீன் பேனா மூடியைக் கடித்தாள். நடந்ததில் பாதிதான் தாளுக்கு வந்திருந்தது.

தம்போயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அத்தா ஜெய்னுலாபுதீனுக்கு ஷிரீன் ஒரே மகள். பகலில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை, வாரத்தில் இரண்டு மாலை கார் பழுதுபார்க்கும் வகுப்பு. ஆனாலும் வீட்டுக் காரைத் தொடும் உரிமை ஹாரூனுக்குத்தான். பெரியத்தா மகன். சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை, சனிக்கிழமையானால் எல்லைப் பாலம் தாண்டித் தம்போய்க்கு வந்துவிடுவான். அவன் காருக்கு அடியில் படுத்தால் அத்தா பக்கத்திலேயே குந்தி விளக்குப் பிடிப்பார். போன தடவை கியர் எண்ணெய் தேங்கும் அடித்தட்டைக் கழற்றும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, எண்ணெய் செருப்பு அலமாரி வரை ஓடியது. அத்தா சிரித்துக்கொண்டே பழைய துணி கொண்டுவந்து போட்டார். "பரவால்ல லா தம்பி, எண்ணெய்தானே!"

அந்த 'பரவால்ல லா' ஷிரீனுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவள் கையிலிருந்து ஒரு கரண்டி ரசம் சிந்தினால் அந்த வார்த்தை வருமா?

இந்த முறை அவள் விடவில்லை. தட்டு நிறைய எண்ணெய் இருக்கும்போதே கழற்றுவதால்தானே கொட்டுகிறது? எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தக் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாயை இறக்கி, கைப்பம்பால் முதலில் உறிஞ்சி எடுத்துவிடலாம். தட்டில் கொஞ்சம்தான் மிஞ்சும், கழற்றும்போது வழியாது. இதை நோட்டில் படம் போட்டே காட்டினாள். ஜெய்னுலாபுதீன் புதிதாகப் போட்ட போர்ச் டைல்ஸைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"சரி, இன்னைக்கு உறிஞ்சுறத மட்டும் செய். டைல்ஸ்ல ஒரு சொட்டு விழாம முடிச்சா, நாளைக்குத் தட்டையும் நீயே கழட்டு. விழுந்துச்சுனா ஹாரூன் பாத்துக்குவான்."

சொட்டு விழவில்லை. எஞ்சினை வெதுவெதுப்பாக்கி அணைத்தாள். அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டாள். கடையில் காலியான சிராப் போத்தல்களை வரிசையாக வைத்து நிரப்பினாள். எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவுதான் புது எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதால் கண்ணாடிப் போத்தல்தான் அவளுக்கு வசதி. கியர் எண்ணெயும் சிராப் மாதிரியே சிவப்பு; ஹாரூன் தவறாமல் மாற்றி வந்ததால் பழைய எண்ணெயிலும் சிவப்பு போகவில்லை. அதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மூடியைத் திருகி, அடுப்படி வாசல் ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

திரும்பி வரும்போது ஹாரூன் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அம்மா மைமூன் அவனுக்குப் பாலில் ரோஸ் சிராப் ஊற்றும் பண்டோங் கலக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ் போட்ட கிளாஸில் பால். கையில் சிராப் போத்தல். வாசல் ஓரத்துப் போத்தல்.

"பையன் வெயில்ல வந்திருக்கான்," என்றாள் மைமூன், சளி பிடித்த மூக்கை உறிஞ்சியபடி. அவளுக்கு வாடை தெரியவில்லை.

போத்தல் சாய்ந்தது. ஷிரீன் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பாலில் சிவப்பு விழுந்தது, கரையாமல் மேலே மிதந்தது. எப்போதும் அவளை முந்திக்கொண்டு பண்டோங் வாங்கும் ஹாரூனின் கை கிளாஸை நோக்கி நீண்டது. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"அம்மா! அது கியர் எண்ணெய்!"

மைமூன் போத்தலை நழுவவிட்டாள். ஹாரூன் அதைத் தாவிப் பிடித்து முகர்ந்தான்.

"அலமாக்! சின்னம்மா, என்னைய ஆட்டோ கியர் ஆக்கப் பாத்தீங்களா?"

"வாயக் கழுவுடா! எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

சத்தம் கேட்டு ஜெய்னுலாபுதீன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. ஹாரூன் முந்திக்கொண்டான்.

"சின்னத்தா, போர்ச்சப் பாருங்க. கழுவி விட்ட மாதிரி இருக்கு. எங்க பட்டறையில இவ்வளவு சுத்தமா யாரும் செய்ய மாட்டாங்க. நாளைக்கு அவளே கழட்டட்டும்."

அத்தா வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

எத்தனை நாள் ஏங்கிய சாவி. ஆனால் அதுவும் ஹாரூன் சொல்லித்தான் வந்தது. விட்டுக்கொடுக்கும் உரிமையும் அவனிடம்தான் இருந்தது. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளால் சாவியை எடுக்க முடியவில்லை.

"அம்மா ஊத்துறத நான் முன்னாடியே பாத்துட்டேன்," என்றாள். "உடனே சொல்லல."

"பயத்துல வாய் வந்திருக்காது," என்றான் ஹாரூன்.

"பயம் இல்லண்ணே."

ஹாரூன் கிளாஸைப் பார்த்தான். எழுந்து போய் அதைத் தொட்டியோரமாக ஒதுக்கி வைத்தான்.

"இனிமே எனக்குப் பச்சத் தண்ணி போதும் லா," என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஜெய்னுலாபுதீன் சாவியை எடுத்து ஹாரூனின் கையில் கொடுத்துவிட்டு, மாலைத் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்யப் போனார்.

ஷிரீன் நோட்டுக்குத் திரும்பினாள். முதல் வரியில் 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். பிறகு கீழே எழுதினாள்:

நாளை: போத்தல்களின் லேபிளை உரித்து, பழைய எண்ணெய் என்று எழுதி, பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தட்டை ஹாரூன் அண்ணன் கழற்றுவார். நான் விளக்குப் பிடிக்க வேண்டும்.