ஒண்ணே முக்கால் பவுண்டு

எங்கள் பேக்கரியில் ஒரு பவுண்டு ரொட்டி என்றால் நானூறு கிராம். பெயர் மட்டும் பழசு. ரொட்டி வேகும் தகர அச்சு வருடத்துக்கு வருடம் இளைத்துக்கொண்டே வந்தது. வாங்குகிறவர்கள் கேட்டதில்லை, நாங்களும் வலியப் போய்ச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினெட்டு வருடமாக மாவை உருட்டி எடை போடுவது என் வேலை. என் கைக்குப் பவுண்டு என்றால் அந்த நானூறுதான்.

அன்று காலை பதினோரு மணிக்கு மாவுக் கையோடு போனை எடுத்தேன். வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் புருஷன். மூன்று மாதம் கழித்துப் பிறக்க வேண்டிய குழந்தை அன்றே பிறந்துவிட்டதாம். பெண். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், எடை ஒண்ணே முக்கால் பவுண்டு என்றார். மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார். இரண்டு முறை கலைந்து, இனி வேண்டவே வேண்டாம் என்றிருந்தவளுக்கு எட்டு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை அது.

கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமனார் நான் சொன்னதைப் பவுன் என்று காதில் வாங்கிக்கொண்டு, பதினாலு கிராமா என்று கேட்டார். வேறொரு நாளென்றால் சிரித்திருப்பேன்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் தராசிடம்தான் போய் நின்றேன். ஒரு ரொட்டிக்கான மாவு, அதன்மேல் முக்கால் ரொட்டிக்கானது. எழுநூறு கிராம். இதற்குள் எப்படி ஒரு ஆள் இருக்க முடியும்? உண்மையைச் சொன்னால், அந்த நிமிடமே மனசுக்குள் குழந்தையை வழியனுப்பிவிட்டேன். ஈரத்துணியை எடுத்து மாவை மூடினேன்.

மாவு பிசையும் இயந்திரத்தருகே நின்ற என் கணவர் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"இங்க பாரு, இது நம்ம பவுண்டு. ஆஸ்பத்திரி பவுண்டு நானூத்தி ஐம்பத்தி நாலு."

காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். எழுநூற்றுத் தொண்ணூற்று நாலு வந்தது. ஊருக்குக் குறைத்துக் குறைத்து, தங்கை பிள்ளைக்கே தொண்ணூற்று நாலு கிராம் குறைத்திருக்கிறேன். தன் வினை தன்னைச் சுடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்னும் கொஞ்சம் மாவைக் கிள்ளி, முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். தொண்ணூற்று நாலு என்பது இரண்டு முட்டைகூட இல்லை. மற்ற நாளில் கண்ணிலேயே படாது. அன்று அது சேரச் சேர எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவுக்குள் இதயம், நுரையீரல், பத்து விரல், விரலுக்கொரு நகம். எல்லாவற்றையும் எந்தக் கை உள்ளே வைத்து மூடியது? அந்த மாவை அடுப்பில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கடையில் குழந்தைக்குப் பெயர் முக்கால். முதல் வாரம் முக்கால் மூன்று அவுன்ஸ் இறங்கினாள். எண்பத்தைந்து கிராம். பிறந்ததும் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டருக்கென்ன, எனக்கல்லவா சோறு இறங்கவில்லை. தங்கை போனுக்கே வரவில்லை. பிறகு கால் அவுன்ஸ், அரை அவுன்ஸ் என்று ஏறுவதை அவள் புருஷன்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அந்த அளவு மாவை நான் நிறுத்துப் பார்ப்பேன்.

இருபத்து மூன்றாம் நாள் தங்கையே கூப்பிட்டாள். பிறந்த எடையைத் தாண்டி ஒரு அவுன்ஸ் ஏறிவிட்டாளாம். இருபத்தெட்டு கிராம் மாவைக் காகிதத்தில் நிறுத்தினேன். மூட்டை பிரிக்கும்போதே தரையில் இதைவிட அதிகம் சிந்தும், கூட்டித் தள்ளிவிடுவோம். ஒரு உயிர் சொட்டுச் சொட்டாகப் பால் குடித்து இதைச் சம்பாதித்திருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கும்பிடலாம் போல இருந்தது.

"அக்கா, மூச்சுக் குழாயை எடுத்துட்டாங்க. அது இருந்த வரைக்கும் அழுதாலும் சத்தம் வராது, வாயை மட்டும் திறப்பா. இப்பதான் முதல் தடவையா... இரு, கேளு."

இயந்திரச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கணவரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். பாதி மாவில் ஒருநாளும் நிறுத்தாத மனிதர், நிறுத்தினார்.

கேட்டது. தொண்டை கம்மியிருந்தது, ஆனால் கோபத்துக்குக் குறைவில்லை. பசிக்கிறது, கொண்டா என்கிற கோபம். தங்கை தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் கண்ணை மறைத்தது. ஆனாலும் அவளை அதட்டினேன்.

"நீ அப்புறம் அழு. பாலைக் குடுக்கச் சொல்லுடி, எவ்வளவு நேரம் காத்திருப்பா?"