தோன்சி கடலில் விழுந்த கதை

தோன்சி தான் கடலில் விழுந்த கதையை நான்காவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முர்த்தேர் தீவின் படகுத்துறைக் காப்பிக்கடையில் மூன்று மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அப்புறம் என் பொண்டாட்டி வீட்டுச் சாமானெல்லாம் என் மேல வீச ஆரம்பிச்சா. முதல்ல மெத்தை. அப்புறம் வாளி. கடைசியா ஐஸ்பெட்டி, உள்ள பாலாடைக்கட்டியோட. பத்தொன்பது வருஷக் கோபம், ஒரே நாள்ல தீர்த்துக்கிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த படகுக்காரன் விங்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் மனைவி மரீத்சாகூடச் சிரித்தாள். தோன்சியின் மனைவி யாஸ்னா மட்டும் அவன் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகின் விளிம்பில் உரசிக் கிழிந்த தோல் இன்னும் ஆறவில்லை. விழுந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

அவன் சொல்லாமல் விட்டது இதுதான். ஜூட் தீவைத் தாண்டி, காற்று பின்னாலிருந்து தள்ள, பாய் இரண்டும் விரிந்திருந்தன. சுக்கானைத் தானியங்கியிடம் விட்டுவிட்டு, சிறுநீர் கழிக்க அவன் படகின் பின்விளிம்புக்குப் போனான். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தான், பிறகு அதையும் விட்டான். யாஸ்னா கீழே ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டு மேலே வந்தபோது படகில் யாருமில்லை. பின்னால் முப்பது மீட்டரில் ஒரு தலை. படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

உயிர்காப்பு மிதவை பின்கம்பியில்தான் தொங்கியது. இழுத்தாள், வரவில்லை. திருட்டுப் போகாமலிருக்க அதை, எலக்ட்ரீஷியன்கள் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையால் மூன்று இடத்தில் இறுக்கியிருந்தான் தோன்சி. கத்தி எடுக்கக் கீழே போனால் தலை கண்ணை விட்டுப் போய்விடும், பல்லால் கடித்தாள். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது, பட்டை அசையவில்லை. தலை அதற்குள் நூறு மீட்டர் பின்னால் போயிருந்தது. அலைகளுக்கு நடுவே அவனைத் தொலைத்துவிட்டால் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது என்று தோன்றியதால்தான் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வீசினாள். நீரில் அவை ஒரு கோடு போலக் கிடந்தன. வாளியும் மெத்தையும் மிதந்த திசையில்தான் அவன் இருந்தான்.

லைஃப் ஜாக்கெட்டுகள் கடையிலிருந்து வந்த உறையோடு நங்கூரக் கயிற்றுக்கு அடியில் கிடந்தன. அவளே வாங்கி வந்த தூக்குக்கச்சை, விழுந்தவரை நீரிலிருந்து இழுத்தேற்றுவது, வீட்டுக் கொட்டகையில் இருந்தது. படகு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று அவன்தான் கழற்றி வைத்தான். இருந்த ஒரே செல்போன் அவன் சட்டைப்பையோடு கடலில். உதவிக்கு ஆள் கூப்பிடும் படகு வானொலியில் எந்தப் பொத்தானை அமுக்கிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. சொல்லித்தரும்படி ஒவ்வொரு கோடையும் கேட்டிருக்கிறாள். ஒரு படகுக்கு ரெண்டு கேப்டன் எதுக்கு என்று ஒவ்வொரு கோடையும் பதில் சொல்லியிருக்கிறான்.

தானியங்கியின் பொத்தான்களை எல்லாம் மாற்றி மாற்றி அழுத்தியதில், ஏதோ ஒன்றுக்குச் சுக்கான் தளர்ந்தது. காற்றை நோக்கித் திருப்பினாள். பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. என்ஜின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. திரும்பிப் போகும்போது தனக்குப் பயமில்லை என்பதைக் கவனித்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உடம்பெல்லாம் கோபம். இவன் செத்தால் காப்பிக்கடையில் என்ன பேசுவார்கள் என்று தெரிந்திருந்தது. பாவம், பொண்டாட்டிக்கு ஒரு மிதவையைத் தூக்கிப் போடத் தெரியவில்லை. மூன்று பட்டைகளைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள்.

நீந்திப் பிடித்த ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதந்தான். உதடு நீலம். மே மாதத்திலும் குளிர் விடாத தண்ணீரில் விரல்கள் மடங்கவில்லை. ஏணியையும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தான், ரொட்டிக் கத்தியால் அறுத்தாள். ஏற அவனுக்குக் கால் எழவில்லை. கயிற்றை அக்குளுக்கடியில் சுற்றி, மறுமுனையைப் பாய் இழுக்கிற உருளையில் போட்டு, தொண்ணூற்றாறு கிலோவை அங்குலம் அங்குலமாகச் சுழற்றி ஏற்றினாள். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். மேலே வந்து விழுந்தவன் முதலில் கேட்டது, ஏன் இடதுபக்கமாகத் திரும்பி வரவில்லை என்பதுதான்.

காப்பிக்கடையில் சிரிப்பு அடங்கியதும் யாஸ்னா பேசினாள்.

"வாளியப் பத்திச் சொன்னல்ல. மிதவையப் பத்தியும் சொல்லு."

"இப்ப எதுக்கு அது?"

அவன் சொல்லவில்லை, அவள் சொன்னாள். குரலை உயர்த்தாமல், பட்டை, ஏணி, கச்சை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். விங்கோதான் சமாதானம் பேச வந்தான்.

"நாங்களும் அப்படித்தான் கட்டி வெச்சிருக்கோம் யாஸ்னா. விட்டா தூக்கிட்டுப் போயிடறானுங்க."

"அப்ப திருடனுக்குத்தான் மாட்டி வெச்சிருக்கீங்களா, மரீத்சாவுக்கு இல்லையா?"

மரீத்சா கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் தோன்சி காரை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டினான். நண்பர்கள் முன்னால் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்றான். வீட்டு வாசலில் என்ஜினை அணைத்த பிறகும் இறங்கவில்லை.

"உயிரோடதானே இருக்கேன்? இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"உயிரோட இருக்கறதாலதான் உன்கிட்ட கத்த முடியுது."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். முழங்கைக் காயத்தில் மறுபடி ரத்தம் கசிந்திருப்பதைப் பார்த்தாள். பாவமாக இருந்தது, ஆனாலும் கோபம் குறையவில்லை.

சனிக்கிழமை காலை அவள் தனியாகப் படகுத்துறைக்குப் போனாள். கம்பி வெட்டும் குறடால் மூன்று பட்டைகளையும் நறுக்கினாள். லைஃப் ஜாக்கெட் ஒன்றை உறையைக் கிழித்து மாட்டிக்கொண்டாள். வானொலிக் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தபோது தோன்சி வந்து பலகை மேடையில் நின்றான். ஏறு, ஆனால் சுக்கான் என்னிடம், நீயும் ஜாக்கெட் போட வேண்டும் என்றாள். குளியல்தொட்டியில் குழந்தை மாதிரியா என்று கேட்டான். அப்போது அடுத்த படகிலிருந்து மரீத்சா இறங்கி வந்தாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போ. எங்களுதுல சாவி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

விங்கோ தன் படகிலிருந்து அவள் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டான். அவள் காதில் விழாததுபோல ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். கயிறுகளை யாஸ்னா அவிழ்த்தாள். பலகை மேடையிலேயே நின்ற தோன்சி உதவிக்குக் கையை நீட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும், படகின் பக்கவாட்டில் கட்டுகிற காற்றடைத்த மிதவைப் பை ஒன்றை, விழுந்த ஆளாக வைத்துக்கொண்டு, யாஸ்னா கடலில் போட்டாள். முதல் தடவை அதன்மேலேயே படகை ஏற்றிவிட்டாள். இரண்டாவது தடவை பத்து மீட்டர் தள்ளிப் போய்விட்டது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி சுக்கானைத் திருப்பினாள். வேறொன்றும் செய்யாதே, அதையே காட்டிக்கொண்டிரு, கண்ணை எடுக்காதே என்று மரீத்சாவிடம் சொல்லியிருந்தாள். மரீத்சா பாய்மரத்தில் சாய்ந்து நின்றாள். தலைமுடி முகத்தில் அடித்தது, ஒதுக்கவில்லை. படகு சுற்றச் சுற்ற, நீட்டிய அவள் கை மட்டும் அந்த வெள்ளைப் பையை நோக்கியே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.