வயல் யூரியா, வண்டி யூரியா

1.

“லாரிக்கு யூரியா போட்டா லாரி வளருமாப்பா?”

மீன்சுருட்டி பங்க்கில், டிப்பர் லாரியின் நீல மூடித் தொட்டிக்குள் யூரியாக் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு சிறுமி கேட்டாள். பங்க்கே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன்.

(கேட்டவளுக்குப் பதில்: வளராது, தாயே. டீசல் கடுஞ்சூட்டில் எரியும்போது நெஞ்சை அரிக்கும் நைட்ரஜன் நச்சுப்புகை பிறக்கிறது. சுத்தமான யூரியா நீரை அந்தச் சூட்டுப் புகையில் தெளித்தால் அம்மோனியாவாகும். புகைக்குழாயில் உள்ள ஒரு பெட்டிக்குள் அது நச்சை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். பின்னால் வருகிறவருக்கு லாரி செய்யும் சின்ன உபகாரம்.)

2.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

“அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புப் புழுதி…” வேண்டாம்.

“ராசாங்கம் நல்ல டிரைவர்தான், ஆனால்…” அந்த ‘ஆனால்’ அவருக்கு அநியாயம்.

“அனிதா அன்பினால்தான் அதைச் செய்தாள்.” இது நிற்கட்டும்.

உடையார்பாளையத்தில் வீட்டு வாசலில் டிப்பரை நிறுத்திவிட்டு வந்த ராசாங்கம், சோற்றைப் பிசைந்தாரே தவிர உண்ணவில்லை.

“யூரியா லைட்டு எரியுது. பங்க்ல ஸ்டாக் இல்லையாம். ‘இன்னொரு தரம் வண்டி நின்னுச்சுன்னா சாவிய வெச்சுட்டுப் போயிரு’ன்னு ஓனரு சொல்லிட்டாரு.”

அவர் கண்ணயர்ந்ததும், மக்காச்சோளத்துக்கு வைத்திருந்த யூரியா மூட்டையை மனைவி அனிதா பிரித்தாள். போர் தண்ணீரில் கரைத்து, தன் பருத்திச் சேலையில் இரண்டு தரம் வடிகட்டி, நீல மூடியைத் திறந்து ஊற்றினாள்.

“லைட்டு அணைஞ்சிருச்சுடி! சென்சார்தான் கோளாறு போல” என்று கிளம்பினார் ராசாங்கம். அனிதா சிரித்துக்கொண்டாள். தான் ஊற்றியதைச் சொல்லவில்லை.

3.

மறுநாளே வண்டி இழுக்காமல் ஜாவித்தின் மெக்கானிக் ஷெட்டில் நின்றது. அனிதா சாப்பாட்டுக் கேரியரோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ராசாங்கம் வெளியே ஓனரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

ஜாவித் யூரியா தெளிக்கும் நாஸிலைக் கழற்றினான். வெள்ளையாக உறைந்திருந்தது. தொட்டி மூடியைத் திறந்து முகர்ந்தான்.

“என்னக்கா, அண்ணன் வண்டிக்கு வேப்பெண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறாரா?”

அனிதா கேரியரைக் கீழே வைத்தாள். வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பது எந்த விவசாயி வீட்டில் தெரியாது?

“தம்பி… நான்தான் ஊத்துனேன். யூரியாதானேன்னு…”

“யா அல்லாஹ்! வயலுக்குப் போடுறதையா? போர் தண்ணியிலயா?”

“வடிகட்டித்தான் தம்பி…”

“கரைஞ்ச உப்பு சேலையில நிக்குமாக்கா? இன்னும் நாலு நாள் ஓடியிருந்தா புகைக்குழாய்ப் பெட்டியே செத்துருக்கும்.”

(இங்கே நிறுத்திவிட்டேன். சின்னச் சின்ன நன்மைகளில்தான் இறைவன் இந்த உலகத்தைத் தாங்குகிறான் என்று நம்புகிறவன் நான். அப்படியொரு நன்மை புருஷனின் பிழைப்பையே அடைக்குமா? இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.)

ராசாங்கம் ஓடிவந்து போனை நீட்டினார். “நீயே சொல்லு தம்பி, ஓனரு நம்ப மாட்டேங்குறாரு.”

முதல் பிரதியில் ஜாவித் பொய் சொன்னான். அடித்துவிட்டேன். இப்போது சொல்கிறான்:

“தண்ணி சரியில்ல சார், உப்பு. தொட்டியக் கழுவி நல்லது ஊத்திட்டா சாயந்திரமே லோடு ஏத்தலாம். அண்ணன் மேல தப்பு இல்ல.”

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ராசாங்கத்தின் வேலை பிழைத்தது. அனிதா முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றாள்.

4.

வீட்டுக்குப் போகும் வழியில் அனிதா தன் கணவரிடம்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவர் சிரித்தார் என்றும் எழுதலாம், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் எழுதலாம். அவள் சொல்லவே இல்லை என்றும் எழுதலாம். உங்கள் வீட்டில் எது நடக்குமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.)

5.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். ஜாவித் ஷெட்டைப் பூட்டிவிட்டு ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். யாரோ லோடுகாரர் நான்கு யூரியாக் கேன்களைக் கொளுத்தும் வெயிலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். வெயிலில் காய்ந்தால் உள்ளே இருப்பது கெட்டுப்போகும்.

ஷெட்டுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்ற அனிதா அதைப் பார்த்தாள். பஸ் வந்தது. ஏறவில்லை. கேன் ஒன்று இருபது லிட்டர். முதலாவதை இழுத்து ஷெட் கூரையின் நிழலில் சேர்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. சாலையில் ஆளில்லை.

இந்தச் சின்ன நன்மைக்குச் சாட்சி இருக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. நான்காவது கேனில் அவள் கை வைத்தபோது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்களும்…